ஒரு ரூபாய் சிம்மும் பத்தாண்டுத் தாமதமும்

பிஎஸ்என்எல்லின் ஒரு ரூபாய் தீபாவளித் திட்டம் 2025 நவம்பர் 15-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த நேரத்தில் வந்த, புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, கீரனூர், பொன்னமராவதி வாசகர்களின் கடிதங்களில் இரண்டு விஷயங்கள் கலந்து குழம்பிக் கிடந்தன. திட்டத்தில் சேரலாமா என்பது ஒன்று. அரசு கம்பெனி ஏன் இந்த நிலைக்கு வந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: திட்டம் தந்தது 30 நாள், தினமும் 2 ஜிபி, அளவில்லாத அழைப்பு, தினமும் 100 எஸ்எம்எஸ். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். 31-ஆம் நாளிலிருந்து வழக்கமான கட்டணம்தான்.

சுதேசி 4ஜி என்கிறார்களே, அது என்ன?

2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் தொடங்கிவைத்தது. 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள், சுமார் 37,000 கோடி ரூபாய் செலவு. மையக் கட்டமைப்பு அரசின் சி-டாட் உருவாக்கியது. டவர் கருவி தேஜஸ் நிறுவனத்துடையது. எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது டிசிஎஸ். சொந்தமாகத் தொலைத்தொடர்புக் கருவி செய்யும் ஐந்தாவது நாடு இந்தியா என்கிறது அரசு. வடிவமைப்பும் மென்பொருளும் நம்முடையவை என்ற அளவில் அது சரி. கருவிக்குள் இருக்கும் முக்கிய சிப்களுக்கு இன்னும் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். பெருமைப்படலாம், முழுச் சுயசார்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் இவ்வளவு தாமதம்?

போன் திரையின் மேல்முனையில் வருஷக்கணக்காக 3ஜி-யைக் காட்டும் 'எச்' என்ற ஒற்றை எழுத்தையே பார்த்துச் சலித்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கீரமங்கலம் பூச்சந்தையில் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும்போது, கோபம் கவுன்ட்டரில் இருக்கும் ஊழியர் மேல்தான் திரும்பும். கோபம் நியாயம், போய்ச் சேரும் இடம்தான் தவறு.

2004-05-ல் பிஎஸ்என்எல்லின் லாபம் 10,000 கோடி ரூபாய்க்கும் மேல். பணம், ஊர் ஊராய் எக்ஸ்சேஞ்ச், கேபிள், ஆள்பலம் எல்லாம் இருந்தன. அந்த 2004-ல் ஏர்டெல் ஒரு புது வழி கண்டது. கருவிகளை வாங்கிக் குவிக்கவில்லை. நெட்வொர்க் வேலையைக் கருவி செய்யும் எரிக்சனிடமே விட்டது: நீங்களே போடுங்கள், நீங்களே பராமரியுங்கள், அதில் ஓடும் அழைப்பின் அளவுக்குப் பணம் தருகிறோம். வாடிக்கையாளர் பெருகப் பெருக, கருவியைக் கூட்டும் கவலை எரிக்சனுடையது.

பிஎஸ்என்எல்லுக்கு இருந்த வழி மொத்த டெண்டர். 2006-ல் 4.55 கோடி லைன்களுக்கு டெண்டர் விட்டது. தகுதிச் சுற்றில் கழிக்கப்பட்ட மோட்டரோலா நீதிமன்றம் போனது. பிறகு விலை அதிகம் என்றது அமைச்சகம். 2007-ல் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. அடுத்து 9.3 கோடி லைன் டெண்டர். அதுவும் புகார்களில் சிக்கி 2010-ல் ரத்தானது. நாடே செல்போன் வாங்கிய ஆண்டுகள் அவை. கேட்டவருக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கக் கருவி இல்லாமல் பிஎஸ்என்எல் நின்றது.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கொள்முதல் ஃபைலில் கையெழுத்துப் போட்ட அதிகாரியை விஜிலன்ஸ் கேட்கும், தணிக்கை கேட்கும், தோற்ற கம்பெனியின் வக்கீல் கேட்பார். கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்தவரை யாரும் கேட்பதில்லை. ஒரு வருடத் தாமதத்தால் எத்தனை லட்சம் பேர் வேறு கம்பெனிக்குப் போனார்கள் என்று அந்த ஃபைலில் கணக்கு எழுத வேண்டியதில்லை. இப்படியோர் இடத்தில் முடிவெடுக்காமல் இருப்பதுதான் பத்திரமான முடிவு. எவ்வளவு கெட்டிக்காரரைத் தலைமையில் உட்கார வைத்தாலும் நாளடைவில் இந்தப் பாடத்தைத்தான் படிப்பார்.

பெரிய முடிவுகளோ நிறுவனத்தின் கையிலேயே இல்லை. பிஎஸ்என்எல்லின் முதலாளியும் தொலைத்தொடர்புத் துறை. அலைக்கற்றையை விற்பதும் அதே துறை. 2010 ஏலத்தில் தனியார் கம்பெனிகள் போட்டிபோட்டு விலையை ஏற்றின. ஏலத்தில் கலந்துகொள்ளாத பிஎஸ்என்எல்லும் அந்த விலைக்கே 3ஜி, பிராட்பேண்ட் அலைக்கற்றைகளுக்குச் சுமார் 18,500 கோடி ரூபாய் கட்டியது. கையிருப்பு கரைந்தது. 4ஜி அலைக்கற்றை தர மத்திய அமைச்சரவை சம்மதித்தது 2019 அக்டோபரில். அப்போது ஜியோ வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. கூடவே வந்தது விருப்ப ஓய்வு. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,500 பேர் வெளியேறினார்கள். லைன் எங்கே அறுந்திருக்கும் என்று வரைபடம் பார்க்காமலே சொல்லக்கூடிய அனுபவசாலிகளும் அவர்களோடு போனார்கள்.

2020 மார்ச்சில் 50,000 டவர்களுக்கு 4ஜி டெண்டர் வந்தது. சீன எல்லையில் நடந்த கல்வான் மோதலுக்குப் பின் சீனக் கருவி கூடாது என்றானதும் ஜூலையில் அதுவும் ரத்து. இனி இந்தியக் கருவிதான் என்று முடிவாகி, சோதனைகள் நடந்து, டிசிஎஸ் அணிக்குப் பெரிய ஆர்டர் கிடைக்க 2023 ஆனது. சொந்தத் தொழில்நுட்பம் நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏர்டெல்லும் ஜியோவும் வெளிநாட்டுக் கருவியோடு தடையின்றி வளர, நாட்டின் பரிசோதனைச் செலவை பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் மட்டும் காத்திருந்து கட்டியது அநியாயம்.

பழைய சிம் போதுமா?

போதாது, 2ஜி, 3ஜி சிம்மைச் சேவை மையத்தில் 4ஜி சிம்மாக மாற்றுங்கள், எண் மாறாது.

இருக்கிற எண்ணோடு பிஎஸ்என்எல்லுக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் மாறினால் 90 நாள் வேறெங்கும் போக முடியாது, எனவே முதலில் தனி சிம் வாங்கிப் பாருங்கள்.

எங்கள் ஊரில் எடுக்குமா?

விராலிமலைக்கும் மணமேல்குடிக்கும் ஒரே பதில் இல்லை. வீட்டுக்குள்ளும் வயலிலும் கடைத்தெருவிலும் நீங்களே சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லாபத்துக்கு வந்துவிட்டதாமே?

2024-25-ன் மூன்றாம் காலாண்டில் 262 கோடி லாபம் என்று அறிவித்தார்கள். அந்த முழு ஆண்டின் கணக்கு 2,247 கோடி நஷ்டம்.

5ஜி-யாவது நேரத்துக்கு வருமா?

கருவி நம்முடையது என்பதால் வழி சுலபமாகியிருக்கிறது. ஆனால் வாங்கியவரைக் கேட்கும் கேள்விகளைத் தாமதித்தவரிடமும் கேட்க ஆரம்பித்தால்தான் வரும்.