யந்திர நாதத்தில் கமகம்

வீணை வாசிப்பவர் தந்தியைச் சற்றே இழுத்து விடுகிறார். வயலின் வாசிப்பவர் விரலை அசைக்கிறார். அந்த அசைவிலேதான் நம் சங்கீதத்தின் ஜீவன் இருக்கிறது. கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியத்தில் அசைப்பதற்கு என்ன உண்டு? அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டில் ஹார்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும், கமகம் பேசாத வாத்தியம் என்பது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 1971-ஆம் ஆண்டிலேதான் அத்தடை தளரலாயிற்று.

நேயர்களே, இப்போது அதே கேள்வி வேறு உருவில் வந்திருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் எங்கள் ஓசூர்ப் பக்கத்தில், பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைக்கும் இளைஞர் சிலர், மாலையில் கணிப்பொறிக்குள் இருக்கும் வயலினையும் குழலையும் கட்டைப் பலகையால் வாசிக்கிறார்கள். என்னிடம் படித்த ஒருவர், "ஐயா, எந்த ராகம் வாசித்தாலும் என் வயலின் ஒரே மாதிரி நடுங்குகிறதே, ஏன்?" என்று வினவினார். நல்ல கேள்வி. அதன் விடையைச் சற்றே ஆராய்வோம்.

பலகைக்கும் கணிப்பொறிக்கும் இடையே பேசும் மொழிக்கு 'மிடி' என்று பெயர். 1983-ஆம் ஆண்டில் அது வழக்குக்கு வந்தது. அது நாதத்தைச் சுமந்து செல்வதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்பன போன்ற கட்டளைகளையே சுமக்கிறது. பலகையின் ஓரத்தில் இரு சக்கரங்கள் இருக்கும். ஒன்று மாடுலேஷன் சக்கரம். 0 முதல் 127 வரை அதற்குப் படிகள். பெரும்பாலும் அது அசைவின் அளவை மட்டுமே கூட்டும். வேகத்தையும் வடிவத்தையும் யந்திரமே வகுத்துக்கொள்ளும். வினாடிக்கு ஐந்தாறு முறை, ஒரே சீராக நடுங்கும். மேல்நாட்டு இசைக்கு அது அழகு. நம் கமகமோ ராகத்துக்கு ராகம், பிரயோகத்துக்குப் பிரயோகம் வேறுபடுவது. ஆகவேதான் அவர் வயலின் நடுங்கிற்றேயன்றிப் பாடவில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. முதலில் அந்தச் சக்கரத்தை 0-க்குக் கொணர்க. பிறகு, சுருதியை வளைக்கும் மற்றொரு சக்கரத்தைக் கைக்கொள்க. மிடி மொழியில் அதற்கு 16,384 படிகள் உண்டு. ஆதலால் வழுக்கல் இழைவாக அமையும். அதன் எல்லையை மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரங்களாக வைத்து, தோடியின் சாதாரண காந்தாரத்தை அழுத்துக. சக்கரம் கீழெல்லையில் சுத்த ரிஷபத்தையும், மேலெல்லையில் சுத்த மத்யமத்தையும் தொடும். தோடிக் காந்தாரம் ஊசலாடும் இடம் அதுவே அன்றோ!

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் எல்லாமே ஒருங்கே வளையும். ஒருவன் குறும்புக்கு வகுப்பையே தண்டித்தாற்போல. ஒவ்வொரு விரலுக்கும் தனி வழி தரும் முறை 2018-ஆம் ஆண்டில் மிடி விதிகளில் ஏற்கப்பட்டது. அதற்கு முன்பே, 2009-இல் வெளிவந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில், கட்டைகளே இல்லாத 'கான்டினம்' பலகையில் விரலை வழுக்கி வாசித்தார் ஏ.ஆர். ரஹ்மான்.

எனினும் சக்கரத்துக்கு ராகம் தெரியாது. தானே வரும் நடுக்கத்தையே கேட்டு வளரும் குழந்தை, அதுவே கமகம் என்று நம்பிவிடக்கூடும். ஆகவே, இளைஞர்களே, முதலில் வாயால் பாடுக. செவி சரியென்று சொன்ன பின்னரே சக்கரத்தைத் தொடுக.