வேலைநாளும் நடைவழியும்



மார்கழி பிறந்ததும் என் நண்பர்கள் சிலர், "சிவனொளிபாதமலைக்கு வருகிறீர்களா?" என்று கேட்பது வழக்கம். "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று நான் விடை கூறுவதும் வழக்கம். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். அதே மாதங்களிலேதான் பாடசாலையில் புதிய மாணவர் அனுமதி, விளையாட்டுப் போட்டி, கணக்காய்வு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடமைகள் வந்து நிற்கும். ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆசிரிய சேவையில் ஒரே ஒரு முறை அம்மலையில் ஏறியிருக்கிறேன். நடக்க விரும்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், உண்மையில் நடந்த தூரம் வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் இடைப்பட்டதே.

என்னோடு கற்பித்த ஆசிரியர் ஒருவர் என்னிலும் உறுதியானவர். ஓய்வு பெற்றபின் நாடு முழுவதும் நடந்து பார்ப்பேன் என்று கூறி, போகவேண்டிய இடங்களை ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருந்தார். ஓய்வு வந்தது, அதற்கு முன்னரே முழங்கால் வாதமும் வந்துவிட்டது. அந்தக் கொப்பியை அவர் என்னிடம் தந்தார். ஏறத்தாழ அக்காலத்திலேதான் என் குருதியில் சீனி கூடிவிட்டதென்று வைத்தியர் எச்சரித்து, நாள்தோறும் நடக்கும்படி பணித்தார். ஆகவே இன்று நான் பேசப்போவது வெறும் பொழுதுபோக்கைப் பற்றியன்று. கந்தோருக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் போய்வருகின்ற ஒருவர், விடுமுறைக்குக் காத்திராமல், தம் நாளுக்குள் அடங்கும் நடைவழியை எங்ஙனம் தேடிக்கொள்வது என்பதே பேச்சுப் பொருள்.

இதிலே பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றுண்டு. அவர்கள் முதலில் இடத்தைத் தேர்கிறார்கள், பிறகு அதற்கு நேரம் தேடுகிறார்கள், நேரம் கிடைப்பதில்லை. இதைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். நேரப்படத்தை முடித்த பின்னரே நிலப்படத்தை விரியுங்கள்.

இங்கிலாந்தில் அல்பிரட் வெயின்றைற் என்றொருவர் இருந்தார். கென்டல் என்னும் சிறு நகரத்தின் நகரசபையிலே பொருளாளர் உத்தியோகம். சொந்தமாக மோட்டார் வண்டி இல்லை. வார இறுதியில் பஸ் வண்டியேறி ஏரி மாவட்டத்து மலையடிவாரத்தில் இறங்குவார்; மலை ஏறி இறங்கி, திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பார். ஏனைய நாள்களின் இரவுகளில் தாம் கண்ட வழிகளைப் பேனாவாற் படம் வரைந்து எழுதுவார். 1952 நவம்பரில் தொடங்கிய வேலை 1966 இல் ஏழு நூல்களாக நிறைவு பெற்றது. 214 மலைகள்! அதுவரை அவர் தம் உத்தியோகத்தை விடவில்லை. பஸ் நேரசூசிதான் அவருக்கு வழிகாட்டி என்று கூறினாலும் பொருந்தும்.

நமக்கு மலை இல்லை, வன்னி சமநிலம். எனினும் நமக்கும் ஒரு நேரசூசி உண்டு. அது சூரியனுடையது.

அரசாங்கப் பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒன்றரைக்கு முடிகிறது. கந்தோர்கள் நாலு மணியளவில் ஓய்கின்றன. பிற்பகல் இரண்டு மணி வெயிலில் வவுனியாவில் நடப்பவர் நடப்பதில்லை, வேகிறார். ஆகவே நமக்கு எஞ்சுவன இரண்டு சிறு துண்டுகள்: விடியற்காலையும் அந்திப்பொழுதும். இவை ஆண்டு முழுவதும் ஒரே அளவாய் இருப்பதில்லை. நமது பகுதியிலே யூலை மாதத் தொடக்கத்தில் சூரியன் மாலை ஆறரை மணியளவில் மறைகிறது. நவம்பர் நடுவில் ஐந்தே முக்கால் அளவில் மறைந்துவிடுகிறது. ஆண்டிலே மிகக் குறுகிய பகல் டிசம்பர் 22 அளவில் வருவதென்பதைப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அந்தி மிக முந்தி வருவது நவம்பரிலேதான். டிசம்பர் முடிவுக்குள் மாலை மீண்டும் நீளத் தொடங்கிவிடும். காலையோ தை மாத முடிவிலேதான் மிகப் பிந்தி, ஏறக்குறைய ஆறரைக்கு, விடிகிறது; யூன் தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்னரே சூரியன் எழுந்துவிடும். கலைப் பட்டதாரியாகிய நான் இதைப் புத்தகத்திற் படித்து அறியவில்லை. நாட்காட்டியின் மூலையில் அச்சிட்டிருக்கும் உதய, அஸ்தமன நேரங்களை ஓராண்டு பார்த்து வந்ததனால் அறிந்தேன். ஆகவே தை, மாசியில் மாலை நடை. வைகாசி, ஆனியில் காலை நடை. மழை பிடித்த கார்த்திகையில் இரண்டும் அரைகுறைதான்.

நேரத்தைத் தூரமாக மாற்றுவதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்கொத்லாந்து மலையேறியாகிய வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் கூறியது. மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம்; ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணித்தியாலம் என்பது அக்கணக்கு. நமக்கு இரண்டாம் பாதி வேண்டியதில்லை. முதற் பாதியிலும் வெயிலுக்கும் மணலுக்கும் சிறிது கழித்து, மணித்தியாலத்துக்கு நாலு கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். போகவும் வரவும் சேர்த்து ஒரு மணித்தியாலம் என்றால், திரும்பும் இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர்.

இனி நிலப்படம். நில அளவைத் திணைக்களத்தின் ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலான படத்தில் ஒரு கிலோமீற்றர் என்பது இரண்டு சென்ரிமீற்றர். இரண்டு கிலோமீற்றருக்கு நாலு சென்ரிமீற்றர். பாதைகள் வளைந்து செல்வன ஆதலால் ஒன்றைக் கழித்து மூன்று சென்ரிமீற்றருக்குக் கவராயத்தை விரித்து, வீட்டை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் போடுங்கள். கைத்தொலைபேசிப் படத்திலும் இதைச் செய்யலாம். எனக்குக் காகிதத்தில்தான் மனம் நிற்கிறது. நெளுக்குளத்தில் என் வீட்டைச் சுற்றி அந்த வட்டத்தை வரைந்த அன்று நான் நாணினேன். அதற்குள் இருந்த நீர்நிலைகள் சிலவற்றின் பெயரை மட்டும் அறிவேன்; ஒன்றிரண்டின் பெயரையும் அறியேன்.

நமது ஊர்ப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். நெளுக்குளம், வேப்பங்குளம், பூவரசங்குளம், நேரியகுளம், பாவற்குளம். இவை தனித்தனியே தோண்டிய குழிகள் அல்ல. ஒரு பள்ளத்தாக்கின் சரிவிலே மேற்குளம் நிரம்பி வழிய, அந்நீர் ஓடையாய் ஓடி அடுத்த குளத்துக்கும், அதன் வயல்களின் கழிவுநீர் அதற்கடுத்த குளத்துக்குமாகச் செல்லும்படி நம் முன்னோர் சங்கிலி கோத்தாற்போல அமைத்தார்கள். இலங்கையின் வரண்ட பிரதேசத்துக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. நடப்பவருக்கு இதன் பயன் யாதெனில், ஒரு குளத்தின் வானிலிருந்து நீர் போகும் திசையே அடுத்த குளத்துக்கு வழி என்பதுதான். பெரும்பாலும் அது நடை தூரத்துக்குள்ளேயே இருக்கும். அணைக்கட்டு மேடானது, நேரானது, ஓரத்தில் மருத மரங்கள் நிழல் தருவன. இத்தகைய நடைவழியை எந்த நகரசபையாலும் புதிதாக அமைத்துத் தர இயலாது.

ஆனால் வன்னியில் நடையைப் பற்றி இவ்வளவு இலேசாகப் பேசிவிட முடியாது. ஒருநாள் பெற்றோர் கூட்டத்திலே, மாணவர் வாரத்துக்கு ஒருமுறையாவது குளக்கட்டில் நடக்கவேண்டும் என்று நான் கூறினேன். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, "நாங்கள் நடந்தது காணாதே, சேர்?" என்றார். சபை அமைதியாயிற்று. அவர் 2009 இல் மூட்டை முடிச்சுகளோடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்தவர். அவருக்கு நடை என்றால் அதுதான். வவுனியாவில் வாழ்ந்த எங்களுக்கோ வேறு அனுபவம். வசிக்கவும் பயணஞ் செய்யவும் 'பாஸ்' கேட்ட காலம். பொழுதுபட்டால் வீட்டுக்குள் அடங்கிய காலம். ஒரு தலைமுறையின் கால்கள் தேவையின்றி எங்கும் போகக் கூடாது என்று பழக்கப்பட்டுவிட்டன. அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. பத்தாம் வகுப்பில், நமது குளத்து நீர் வழிந்தால் எங்கே போகும் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தத் தாய்க்கு அன்று நான் விடை கூறவில்லை. கூற என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அச்சம் முழுவதும் வீணானதென்று சொல்லவும் நான் துணியேன். கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வெடிகளை அகற்றி முடிக்க 2028 யூன் வரை தவணை. பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது, எனினும் வடக்கில் எச்சரிக்கைப் பலகையைக் காணும் இடங்கள் இன்னும் உண்டு. ஆகவே ஊர்மக்கள் நாள்தோறும் புழங்கும் பாதையை விட்டுக் காட்டுக்குள் ஓரடியும் வைக்கக்கூடாது. குறுக்குவழி வேண்டவே வேண்டாம். அடுத்தது யானை. செட்டிகுளம் பக்கத்துக் காட்டோரங்களில் அது அந்தியில் குளத்துக்கு நீர் தேடி வரும். பொழுது மறைந்தபின் நமது நாட்டில் மங்கல் வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட நிற்கும், அவ்வளவே. எனவே சூரியன் மறையும் வேளையில் நீங்கள் ஊர் எல்லைக்குள் நிற்கவேண்டும். வழியில் காணும் கமக்காரரிடம், "அப்பு, இந்தக் கட்டாலே போகலாமோ?" என்று ஒருமுறை கேட்டுவிடுவது எந்தப் படத்தையும் விட நம்பகமானது. காலில் புண் இருந்தால் வயற் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்கவேண்டாம். எலிக்காய்ச்சல் அவ்வழியே வரும்.

திரும்பும் நேரத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான விதியை வைத்திருக்கிறேன். நாலே முக்காலுக்குப் புறப்பட்டு ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருக்கவேண்டுமாயின், ஐந்தேகாலுக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவேன். குளம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரியே. முதல் மாதம் இது மிகக் கடினமாயிருந்தது. இருநூறு யார் தூரத்தில் அணைக்கட்டைக் கண்டுவிட்டுத் திரும்பிய மாலை ஒன்று உண்டு. மறுநாள் ஐந்து நிமிடம் முந்திப் புறப்பட்டேன், அதுதான் தீர்வாயிற்று.

ஒரே வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப நடப்பது சலிக்காதோ என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. பெரும்போகத்தில் விதைப்பு முடிந்தபின் வரம்பிற் கால் வைக்கக் கமக்காரர் விடமாட்டார், கட்டோடு நிற்கவேண்டும். மார்கழி, தையில் வான் பாயும்போது சில பாதைகள் நீருக்குள் போய்விடும். அன்று சுற்றிப் போகவேண்டும். ஆடி, ஆவணியில் சோளகம் புழுதியை அள்ளி வீசும். நீர் வற்றி, அலைகரை வெடித்துக் கிடக்கும். எஞ்சிய சேற்றில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாய் நிற்கும். ஒரே வழி ஆண்டுக்கு நாலு வழியாகிறது. வேறென்ன வேண்டும்?

அரை நாள் கிடைக்கும் சனிக்கிழமைகளில் வட்டத்தைப் பெரிதாக்கலாம். வவுனியா நகரிலிருந்து ஹொரவப்பொத்தானை வீதியில் ஏறக்குறைய நாலு கிலோமீற்றரில் மடுகந்தை விகாரை இருக்கிறது. புத்தரின் தந்ததாது அநுராதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது அங்கே தங்கியதென்பது ஐதிகம். காலை ஆறுக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்வரலாம்; களைத்தால் பஸ் உண்டு. மலை ஏறியே ஆகவேண்டும் என்போர் மதவாச்சி வழியாக மிகிந்தலைக்குப் போகட்டும், 1,840 படிகள். வழியில் பஸ் மாறுவதாயினும் பகலுக்குள் திரும்பிவிடலாம்.

போயா விடுமுறையையும் மறக்கவேண்டாம். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினங்களே வார விடுமுறையாக இருந்தன. எந்தக் கிழமையில் ஓய்வு வருமென்று பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம் என்று என் தந்தையார் சிரிப்பதுண்டு. இன்று மாதத்துக்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. பூரணையன்று சூரியன் மறையும் வேளையில் கிழக்கே சந்திரன் எழும். யானை நடமாட்டமில்லாத ஊர்க்குளக் கட்டாயின் அன்று மட்டும் என் விதியை அரை மணித்தியாலம் தளர்த்திக்கொள்கிறேன்.

சென்ற மாரியில் வான் பாய்ந்த செய்தி கேட்டு ஊரே கட்டுக்கு வந்திருந்தது. அன்று பெற்றோர் கூட்டத்திற் பேசிய அந்தத் தாயும் மகனோடு வந்திருந்தார். மகன் நீர் போகும் பக்கத்தைக் காட்டி, அடுத்த குளத்தின் பெயரைச் சொன்னான். "எவ்வளவு தூரம்?" என்று அவர் கேட்டார். "அரை மணித்தியாலம், அம்மா" என்றான் அவன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரம் என்ன என்று என்னிடம் கேட்டார். நாலரை என்றேன்.