அழையா விருந்தாளி

மிட்டாய் தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்பார்கள் பாட்டிமார். மிட்டாயின் மீது பழி வேண்டாம். அதை எடுத்த விரலைப் பாருங்கள்! கீரிப்பூச்சி சிறுபிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. கல்லூரி விடுதியில் நெருங்கி வாழும் மாணவியருக்கும் எளிதில் தொற்றும்.

வெண்ணூல் போன்ற பெண்புழு, நாம் உறங்கும்போது மலவாயில் வெளிவந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்பெடுக்கும். சொறிந்தால் முட்டைகள் நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். நகம் கடிப்பவர் தாமே அவற்றை விழுங்குகிறார். துணியிலோ முட்டை 2 வாரம்கூட உயிரோடிருக்கும். பரீட்சையைச் சாக்கிட்டுப் போர்வையைத் துவைக்காத அக்காமார் கவனிக்க!

அல்பெண்டசோல் மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். ஆகவே 2 வாரம் கழித்து மறுபடியும் உண்ண வேண்டும், அறைத்தோழியரும் சேர்ந்தே. ஒருத்தி வெட்கப்பட்டு மறைத்தால், மருந்துண்ட மற்றவருக்கும் அது திரும்பி வந்துவிடும்.