நழுவாத பட்டுச்சேலை

அலமாரியைத் திறந்தால் பட்டுச்சேலை தரையில் சுருண்டு கிடக்கிறதா? பல வீடுகளில் இதே கதைதான். பட்டு இழை இயல்பிலேயே வழவழப்பானது. பிளாஸ்டிக் ஹேங்கரும் அப்படியே. பிடிமானம் இல்லாததால், கனம் கூடிய பக்கமாகச் சேலை வழுக்கி விழுகிறது.

ஹேங்கரில் ரப்பர் வளையம் மாட்டச் சொல்வார்கள். பஞ்சாபி சூட், பாஜு கூரோங் போன்றவற்றுக்கு அது சரி. இரு தோள் முனைகளிலும் இரண்டு சுற்று போதும். சரிகைச் சேலைக்கு மட்டும் வேண்டாம். ரப்பரில் கந்தகம் சேர்ந்திருக்கும். அசல் சரிகையில் வெள்ளி இருக்கும். இரண்டும் ஒட்டிக் கிடந்தால் வெள்ளி கறுத்துவிடும். நம் நாட்டு ஈரக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

அம்மா எனக்குத் தந்த கூறைச்சேலைக்கு நான் செய்வது இதுதான்: பழைய பருத்தி வேட்டியை மூன்று விரல் அகலத்தில் கிழித்து, ஹேங்கரின் குறுக்குக் கம்பியில் இறுக்கமாகச் சுற்றி, முனையைத் தைத்துவிடுவேன். பருத்தி பட்டைப் பிடித்துக்கொள்ளும். மடிப்பும் கூர்மையாக விழாது. டோபி கடையில் தரும் மெல்லிய கம்பி ஹேங்கரில் மாட்டுவதில்லை. துருக்கறை பட்டால் எளிதில் போகாது. வெல்வெட் ஹேங்கரும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரத் துணியை மாட்டினால் அதன் சாயம் ஒட்டக்கூடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் சரிகை இழை அங்கேதான் முதலில் விடும். அந்தச் சேலையை என் மகளும் ஒருநாள் உடுத்த வேண்டும்; அதற்காகத்தான் இத்தனை கவனம்.