பானெட்டைத் திறந்து பார்ப்போம்

உத்திரமேரூரில் எழுத்தைப் படிக்கக் கல்லருகே போக வேண்டும்: பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை விதிகள் கோயில் சுவரில் இருக்கின்றன. பழைய ராணுவ ஜீப்பின் பூர்வீகத்துக்கு இரும்பருகே போக வேண்டும். ஆர்.சி. புத்தகம் இதற்குப் போதாது.

பிளாக்கின் வலப்பக்கம், முன்முனையில், ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். எண்ணுக்கு முன் எம்.பி. என்றிருந்தால் வில்லிஸ், ஜி.பி.டபிள்யூ. என்றால் ஃபோர்டு. எண் தேய்ந்துபோயிருந்தால் கார்புரேட்டர் இருக்குமிடமே காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டு மேனிஃபோல்டின் மேல் இருந்தால் இரண்டாம் உலகப்போர்க் காலத்து எஞ்சின் வகை: 2,199 சிசி, 60 குதிரைத்திறன், வால்வுகள் எல்லாம் பிளாக்குக்குள். ஹெட்டின் மேலேயே இருந்தால் பிற்கால 'ஹரிக்கேன்'. இன்டேக் வால்வுகள் ஹெட்டுக்கு ஏறியதில் எஞ்சின் உயர்ந்தது, பானெட்டும் உயர்ந்தது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய மகிந்திரா ஜீப்பின் மேடான மூக்குக்கு அதுதான் காரணம்.

போர்க்கால ஜீப்பில் முதலில் இருந்தது கார்ட்டர் கார்புரேட்டர். அது தேய்ந்ததும் கிடைத்த சோலெக்ஸை மாட்டிவிடுவது வழக்கம். மாட்டும்போது சறுக்குவது பெரும்பாலும் கேஸ்கட்டில்தான்: அடித்தட்டு சற்றே வளைந்திருந்தாலும் காற்று உள்ளே கசியும், வண்டி ஸ்லோவில் நிற்காமல் அணையும். ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிப் பயனில்லை. கழற்றி, கண்ணாடிப் பலகையில் எமரித்தாள் விரித்து அடியைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.