வேரில் குடியிருக்கும் விருந்தாளிகள்

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் 100 பங்குக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயுவே. ஆயினும் செடிகொடிகள் அதை நேராக உண்ணும் சக்தியின்றிப் பட்டினி கிடக்கின்றன. குதிர் நிறைய நெல்லிருந்தும் குத்திக் கொடுக்க ஆளில்லாத வீட்டின் கதைதான்!

வாகை, அகத்தி, புங்கு, கருவேல் முதலிய அவரை இனத்து விருட்சங்களுக்கோ அந்தக் கவலை இல்லை. இவற்றின் வேரில் கடுகும் மிளகும் போன்ற சிறு முடிச்சுகள் தென்படும். அவை நோயல்ல, 'ரைசோபியம்' என்னும் நுண்ணுயிர்களின் இல்லங்கள். மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையை அவற்றுக்கு அளிக்கிறது. அவை காற்றின் நைட்ரஜனை உரமாக்கி மரத்துக்கு அளிக்கின்றன. 1886-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ரீகல் இவ்வுண்மையை வெளியிட்டார். 1888-ல் ஹாலந்து தேசத்துப் பையரிங்க் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். இதில் ஒரு வேடிக்கை: அவரை இனத்திலேயே பிறந்தும் புளிக்கும் சரக்கொன்றைக்கும் இந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

"மண்ணில் தாமே வாழும் ஜீவன்களை நாம் ஏன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்?" என்று நேயர்கள் கேட்கலாம். வளமான தோட்டத்தில் அவசியமில்லாமல் இருக்கலாம். மழையில் மேல்மண் கரைந்துபோன மேட்டு நிலத்தையும், நெய்வேலி போன்ற இடங்களில் சுரங்கத்தினின்று தோண்டிக் குவித்த மண்ணையும் எண்ணிப் பாருங்கள். அத்தகைய பூமியில் நுண்ணுயிர்கள் மிகவும் அருகியே இருக்கும். துணையின்றி அங்கே நட்ட கன்று மஞ்சள் பூத்து மாண்டுபோனால், நட்டவனின் உழைப்பும் ஊற்றிய தண்ணீரும் வீண்.

ஆகவே நாற்றங்காலிலேயே துணை சேர்த்துவிட வேண்டும். வாகை விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை அதன்மேல் ஊற்றி, ஆறும்வரை ஊறவிட வேண்டும். அதன் பிறகே, அந்த மரத்துக்கு ஏற்ற ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். முறை மாறிச் சூடான நீரில் விழுந்தாலும், வெயிலில் காய்ந்தாலும் நுண்ணுயிர் மடிந்துவிடும்.

வேர்ப் பூஞ்சணம் என்று மற்றொரு தோழனும் உண்டு. வேர் எட்டாத இடத்துக்கும் அது நூலிழைபோல் ஓடிப் பாஸ்பரஸ் சத்தைக் கொணர்கிறது. அது நன்கு வாழும் மண்ணில் ஒரு பிடியை நாற்றுப் பையில் கலப்பதுண்டு.

பலித்ததா என்று அறிய, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்திருந்தால் இல்லை. ஆசை மிகுதியால் யூரியாவை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். இலவசச் சோறு கண்ட கன்று முடிச்சு வளர்ப்பதையே குறைத்துக்கொள்ளும்! இந்தச் சிறு பக்குவங்களைக் கைக்கொண்டால், நாம் கைவிட்ட பொட்டலிலும் நம் குழந்தைகள் நிழலில் இளைப்பாறலாம்.