வெளிச்சத்துக்கும் மூச்சு விட இடம் வேண்டும்

வீட்டுக்குள் ஒரு வெண்திரை – 6

புரொஜெக்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எந்தெந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வாங்கி வந்தாயிற்று, பெட்டியையும் பிரித்தாயிற்று. அதை எங்கே வைப்பது?

மைசூர் சரஸ்வதிபுரத்தில் இருக்கும் என் அத்தை வீட்டிலிருந்து தொடங்குகிறேன். ஓட்டு வீடு. சிவப்புச் சிமெண்டுத் தரை. கூடத்துச் சுவரிலேயே பதித்த ஒரு திறந்த அலமாரி. சென்ற நவராத்திரியில் கொலு பார்க்க வருகிறவர்களுக்குப் பழைய கச்சேரிகளைச் சுவரளவு பெரிதாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. புரொஜெக்டரை அந்த அலமாரியின் நடுத்தட்டில், தன் கையால் பின்னிய குரோஷா விரிப்பின் மேல், உட்கார்த்தி வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இருபது நிமிஷம் படம் நன்றாக ஓடியது. பிறகு உள்ளே இருக்கும் ஃபேனின் சத்தம் மெல்ல ஏறி, இரைச்சலானது. சட்டென்று சுவர் இருண்டது. மிஷினின் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“ஏண்டா, வாங்கி ஒரு நாள்கூட ஆகலை, அதுக்குள்ள போயிடுத்தா?” என்றார் அத்தை.

அலமாரிக்குள் கையை விட்டேன். தோசைக்கல்லை இப்போதுதான் இறக்கி வைத்த மேடை போலச் சுட்டது. மிஷினைத் தூக்கிப் பார்த்தால், அடிப்புறத்துக் காற்றுத் துளைகளை விரிப்பு இழுத்து மூடிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் சுவர், கீழே துணி. தான் வெளியே தள்ளிய சூட்டையே மிஷின் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்திருக்கிறது. அரைமணி நேரம் ஆறவிட்டு, கூடத்து நடுவில் ஒரு தேக்கு ஸ்டூலில் வைத்தோம். அன்று இரவு பத்து மணி வரை நிற்காமல் ஓடியது.

மிஷின் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருக்கும் வெப்ப உணரி, வரம்பு தாண்டியதும் விளக்கை அணைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. பல்பு வைத்த சாதாரண வீட்டுப் புரொஜெக்டரில் சுமார் 200 வாட்ஸ் விளக்கு எரிகிறது. அதில் திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் சிறு பங்கு, மீதி பெரும்பங்கு சூடு. எல்.இ.டி., லேசர் புரொஜெக்டர்களில் சூடு குறைவே தவிர, சூடே இல்லை என்பதில்லை. அந்தச் சூட்டை வெளியேற்றக் காற்றைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் குளிர்ந்த காற்று உள்ளே போக வேண்டும், இன்னொரு பக்கம் சூடான காற்று தடையின்றி வெளியே போக வேண்டும்.

எவ்வளவு இடம் விடுவது? பெரும்பாலான கையேடுகள் 30 சென்டிமீட்டர் வரை கேட்கின்றன. நான் சொல்வது இன்னும் சுலபம்: சுற்றிலும் ஒரு முழம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. அந்த முழத்துக்குள் திரைச்சீலை, செய்தித்தாள், கொலு அலங்காரத் தெர்மோகோல் எதுவும் வரக்கூடாது. மெத்தை, சோபா, தலையணை மேல் ஒருநாளும் வைக்கக் கூடாது. படம் ஓடும்போது லென்ஸை மூடியால் மறைப்பதும் தவறு. தடுக்கப்பட்ட வெளிச்சம் மூடியையே உருக்கிவிடும்.

மைசூருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம், அளவான வெயில். ஆனால் இதே மிஷினை விடுமுறைக்கு ஊட்டிக்கு எடுத்துப்போனால் கவனம் வேண்டும். அங்கே உயரம் 2,200 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி குறைவதால் அது சுமந்துபோகும் சூடும் குறைகிறது. குளிரான ஊர்தானே என்று நினைத்துவிடுவோம். 1,500 மீட்டருக்கு மேல் போனால் ஃபேன் வேகத்தைக் கூட்ட ‘ஹை ஆல்டிடியூட்’ என்று பல புரொஜெக்டர்களின் மெனுவிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஊட்டியில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சமும் சூடும் மூடிய அறையும் துணியும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மைசூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1989 பிப்ரவரி 8-ம் தேதி, இங்கே பிரீமியர் ஸ்டூடியோவில் ‘தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் தீப்பிடித்தது. 62 பேர் இறந்தார்கள். தொடரை இயக்கி நடித்த சஞ்சய் கான் பலத்த தீக்காயங்களோடு உயிர் பிழைத்தார். காரணமாகச் சொல்லப்பட்டவற்றை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: தளர்ந்த ஒயரிங், காற்றோட்டம் இல்லாத தளம், சுவர்களில் சாக்குப் பை, சூட்டை ஏற்றிய ராட்சத விளக்குகள். அவ்வளவு பெரிய விளக்கு நம் கூடத்தில் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வடிவம் நம் வீட்டில் இருக்கிறது. அத்தை வீட்டு அலமாரியில் அதில் இரண்டைப் பார்த்தேன்.

சினிமா பிறந்த இரண்டாவது ஆண்டிலேயே உலகம் இந்தப் பாடத்தைப் படித்தது. 1897 மே 4 அன்று பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில், மரத்தாலும் துணியாலும் கட்டிய கொட்டகைக்குள் படம் காட்டினார்கள். மின்சாரத்துக்குப் பதில் ஈதரும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் விளக்கு. அதில் ஈதரை நிரப்பும்போது பற்றிய தீயில் 126 பேர் மாண்டார்கள். நம் பக்கத்தில் 1905 முதல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிமோ சுலபமாகப் பற்றிக்கொள்ளும் பொருள். 1918-ல் இந்தியாவில் சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்தபோது, படம் காட்டும் இடத்துக்கு லைசென்ஸும் பார்வையாளர் பாதுகாப்பும் கட்டாயமாயின. தியேட்டரில் ஆபரேட்டர் அறை தனியாக, கெட்டிச் சுவரோடு இருப்பதற்குப் பின்னால் இந்தச் சரித்திரம்தான் இருக்கிறது. வீட்டில் ஆபரேட்டரும் நாம்தான், அறையும் நம் கூடம்தான். அதனால் பொறுப்பும் நம்முடையது.

அடுத்தது மின்சாரம். அத்தை வீட்டில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்பாயிண்டைச் சோதிக்க எலெக்ட்ரீஷியனை அழைத்தோம். ஹோல்டரில் மாட்டிய பல்பும் இரண்டு ஒயரும்தான் அவர் கருவி. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் மேலே உள்ள பெரிய துளைக்கும் கொடுத்தபோது எரியவே இல்லை. “அர்த்திங் இல்லா ஸார்” என்றார் கன்னடத்தில். மூன்று துளை இருந்தும் எர்த் ஒயர் இணைக்கப்படவே இல்லை. பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். இந்தச் சோதனையை நீங்களே செய்து பார்க்க வேண்டாம், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைத் தொடும்போது விரலில் சுரீர் என்று ஒரு கூச்சம் தெரிகிறதா? எர்த் கோளாறாக இருக்கலாம், அலட்சியம் செய்யாதீர்கள். த்ரீ பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்து டூ பின்னில் செருகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பாய்க்கு அடியில் ஓட்டாதீர்கள். மிதிபட்டு உள்ளே நைந்தாலும் வெளியே தெரியாது. சுவரோரமாகக் கொண்டுபோங்கள். இருட்டில் காபி கொண்டுவரும் பெரியவர்கள் காலில் சிக்காமலும் இருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் மைசூரில் மாலை இடிமழை. அப்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் கேபிளையும் கழற்ற வேண்டும். மாடியில் இருக்கும் டிஷ் வழியாகவும் மின்னலின் அதிர்ச்சி இறங்கி வரும்.

பல்பு வைத்த புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்குக் கரண்ட் போவதும் கவலை. அந்த பல்புக்குள் பாதரச ஆவி, காற்றழுத்தத்தைப் போல் சுமார் இருநூறு மடங்கு அழுத்தத்தில் எரிகிறது. அணைத்த பிறகும் ஃபேன் ஓரிரு நிமிஷம் ஓடி அதை ஆற்ற வேண்டும். திடீரென்று மின்சாரம் நின்றால் ஃபேனும் நின்றுவிடும், பல்பின் ஆயுள் குறையும். சின்ன யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் ஒழுங்காக அணைக்க அவகாசம் கிடைக்கும். 3,000 முதல் 5,000 மணி நேரம் என்று சொல்லப்படும் ஆயுளைத் தாண்டியும் பல்பை ஓட்டினால் அது வெடிக்கக்கூடும். வெடித்தால் மிஷினை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சில்லுகளை வெறுங்கையால் பொறுக்காதீர்கள். பழைய பல்பைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

மூன்றாவது, கண். படம் ஓடும்போது குழந்தைகள் செய்யும் முதல் காரியம், குறுக்கே ஓடிப்போய் விரலால் மானும் நாயும் செய்து நிழல் காட்டுவது. அது ஆனந்தமான விளையாட்டு, தடுக்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்: முகம் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், லென்ஸைப் பார்க்கக் கூடாது. ஒளிக்கருவிகளைக் கண்ணுக்கான ஆபத்தை வைத்து வகைப்படுத்துகிறார்கள். வீட்டுப் புரொஜெக்டர்கள் பலவற்றின் அடியில் ‘ஆர்.ஜி. 2’ என்று ஒட்டியிருக்கும். தற்செயலாகக் கண்ணில் பட்டால் நாமே கண்ணை மூடிக்கொள்வோம், முகத்தைத் திருப்பிக்கொள்வோம், அது போதும். வேண்டுமென்றே உற்றுப் பார்த்தால் விழித்திரைக்குக் கேடு. சுவரையொட்டித் தரையளவில் வைக்கும் ‘அல்ட்ரா ஷார்ட் த்ரோ’ ரகத்தில் வெளிச்சம் மேல் நோக்கி வருகிறது. தவழும் குழந்தை மேலிருந்து எட்டிப் பார்க்காதபடி வைக்க வேண்டும்.

இனி படம் நேராக விழும் கணக்கு. நூறு அங்குலப் படத்தின் அகலம் சுமார் 221 சென்டிமீட்டர், உயரம் 125. கையேட்டில் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் இருக்கும். அதை அகலத்தால் பெருக்கினால் லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே வேண்டிய தூரம். எண் 1.2 என்றால் சுமார் 2 மீட்டர் 65 சென்டிமீட்டர். ஸ்டூலைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு, கோணல் படத்தைக் கீஸ்டோன் பட்டனால் நிமிர்த்தாதீர்கள். அது படத்தின் ஓரப் புள்ளிகளைத் தியாகம் செய்துதான் நிமிர்த்துகிறது, தெளிவு போய்விடும். கூடுமானவரை சுவருக்கு நேரெதிரே வையுங்கள்.

உத்தரத்தில் தொங்கவிட நினைத்தால், கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டுங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அந்த எடையைத் தாங்காது. அதைத் தாண்டி மேலே உள்ள தளத்திலேயே கம்பி இறங்க வேண்டும். அத்தை வீட்டைப் போன்ற ஓட்டு வீட்டில் ஸ்டூலே உத்தமம்.

நூறு அங்குலப் படம் கிட்டத்தட்ட 30 சதுர அடி. சதுர அடிக்கு 16 லூமன்ஸ் என்பது சினிமா அரங்கின் அளவுகோல். பெருக்கிப் பாருங்கள்: 480. அதாவது, இருட்டிய அறையில் உண்மையான 500 லூமன்ஸே போதும். அதனால் திரைச்சீலையை இழுத்துவிட்டு ‘எகோ’ நிலையில் ஓட்டுங்கள். சூடு குறையும், சத்தம் குறையும், பல்பின் ஆயுள் கூடும். இருட்டாக்குகிறேன் என்று கதவு, ஜன்னல் அத்தனையும் சாத்திவிடாதீர்கள். வெளிச்சம் வராமல் இருந்தால் போதும், காற்று வர வேண்டும்.

கடைசியாக, ஊதுவத்திக்குப் பேர்போன ஊரில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஊதுவத்தி, சாம்பிராணிப் புகையும் விளக்கின் எண்ணெய்ப் புகையும் ஃபில்டரில் பிசுக்காகப் படியும். காற்றடைத்தால் சூடு ஏறும், அத்தை வீட்டுக் கதைதான் மறுபடியும். ஃபில்டர் உள்ள மிஷினானால் மாதம் ஒருமுறை கழற்றி மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். தூசி நீக்கும் ஸ்ப்ரே டப்பாக்களில் சிலவற்றில் எரியக்கூடிய வாயு இருக்கும். சூடான மிஷினுக்குள் அதை அடிக்கவே கூடாது.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாது என்றால் மூன்றை மட்டும் வையுங்கள். இன்று மாலை படம் போடுவதற்கு முன் கையை நீட்டி, மிஷினைச் சுற்றி ஒரு முழம் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இந்த வாரத்துக்குள் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த பிளக்பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக் குழந்தைகளிடம், நிழல் விளையாட்டு சுவரைப் பார்த்துத்தான் என்று சொல்லிவையுங்கள். இதற்கு ஆகும் செலவு எலெக்ட்ரீஷியனின் கூலி மட்டும்தான். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

(தொடரும்)